அபராதம் அரசாங்கத்துக்கு, அடிபட்டவருக்கு என்ன?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"முதலாளி கை நீட்டினால் பாட்டாளி என்ன செய்ய முடியும்?" என்பது இன்றைய தலைப்பு. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் யாரைக் கேட்டாலும், "போலீசில் புகார் கொடுக்க வேண்டியதுதான்" என்று சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் அது பாதி பதில். அந்த மறுபாதியைத் தெரிந்துகொள்ளாததால்தான் அடிபட்ட பலர் வலியோடும் கடனோடும் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள்.

புகார் கொடுத்தாயிற்று. போலீஸ் விசாரித்தாயிற்று. அடித்த குத்தகை முதலாளி மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1,500 வெள்ளி அபராதம் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1,500 வெள்ளி யாருக்குப் போகிறது? அரசாங்கக் கஜானாவுக்கு. கை முறிந்து மூன்று மாதம் வேலைக்குப் போகாத பாட்டாளிக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. "சட்டம் தண்டித்துவிட்டது, நமக்கு என்ன கிடைத்தது?" என்று அவருடைய மனைவி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அதன் பெயர் சிவில் வழக்கு. அடித்தவர் மீது அடிபட்டவரே நஷ்டஈடு கேட்டுத் தொடுக்கும் வழக்கு.

தோட்டத்தில் கை நீட்டுவது நேற்று முளைத்த பழக்கமா? இல்லை. துரை, கிராணி, கங்காணி, தண்டல் என்று மேலிருந்து கீழ்வரை அடுக்கி வைத்த அதிகாரத்தில் வசவும் அடியும் நிர்வாகத்தின் கருவிகளாக இருந்தன. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். பெண்கள் மீது கை வைப்பது நிற்க வேண்டும் என்றார்கள். குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றார்கள். அந்தப் போராட்டத்தின் அலை நெகிரி செம்பிலானுக்கும் வந்தது. போருக்குப் பிறகு இதே மாநிலத்தில் பி.பி. நாராயணன் போன்றவர்கள் தொழிற்சங்கம் கட்டினார்கள். 1954-ல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. மான உணர்ச்சிதான் அந்த இயக்கத்தின் வேர்.

சங்கம் வந்தபின் பெரிய தோட்டங்களில் அடி குறைந்தது. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நேரடி வேலை போய்க் குத்தகை வேலை வந்தது. லாபு, ரந்தாவ், சிலியாவ், பாஹாவ், ரொம்பின் என்று எந்தப் பக்கம் போனாலும் குலை அறுக்க ஒரு குத்தகையாளர், மருந்தடிக்க ஒரு குத்தகையாளர், லோரி ஏற்ற இன்னொருவர். சங்கத்தின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் சின்ன முதலாளிதான் ராஜா. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போன பிள்ளைகள் கார் கழுவும் கடையிலும் உணவகத்திலும் பட்டறையிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கேயும் முதலாளி ஒருவர், சாட்சி யாரும் இல்லை என்ற நிலைதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஒரே அடிக்கு இரண்டு பாதைகள் உண்டு.

முதல் பாதை குற்றவியல் வழக்கு. தண்டனைச் சட்டத்தின் 323-ஆவது பிரிவு, வேண்டுமென்றே காயம் விளைவித்தவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஆபத்தான ஆயுதத்தால் தாக்கினால் 324-ஆவது பிரிவு. சிறை 10 ஆண்டு வரை போகலாம். எலும்பு முறிந்தால் சட்டப்படி அது கடுங்காயம். அதற்கு 325-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. இந்த வழக்கை நடத்துவது அரசாங்கம். அடிபட்டவர் அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

இரண்டாவது பாதை சிவில் வழக்கு. இதில் அடிபட்டவர்தான் வாதி. சிறைத் தண்டனை கேட்க முடியாது, பணம் கேட்கலாம். மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வலி, உடம்பில் நிலைத்துவிட்ட ஊனம் ஆகியவற்றுக்கு ஈடு கேட்கலாம். தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, அடி விழுந்த நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் இந்த வழக்கைப் பதிய வேண்டும். 100,000 வெள்ளி வரையிலான கோரிக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும், அதற்கு மேல் 10 லட்சம் வெள்ளி வரையிலானது செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் போகும்.

இரண்டு பாதைக்கும் இன்னொரு முக்கியமான வேறுபாடு உண்டு. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். சிவில் வழக்கில் எந்தத் தரப்பு சொல்வது நடந்திருக்க அதிக வாய்ப்பு உள்ளது என்று நீதிபதி தராசில் நிறுத்துப் பார்ப்பார். ஆகையால் முதலாளி குற்றவியல் வழக்கில் விடுதலையாகிவிட்டார் என்பதற்காகச் சிவில் வழக்கின் கதவு மூடிவிடாது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்துவிட்டாலோ, அது சிவில் வழக்குக்குப் பெரிய பலம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426-ஆவது பிரிவையும் சொல்லியாக வேண்டும். குற்றம் நிரூபணமான பிறகு, அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் விண்ணப்பித்தால், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கும்படி அதே நீதிமன்றம் உத்தரவிடலாம். இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. வழக்கை நடத்தும் அரசாங்க வழக்கறிஞரிடம் மருத்துவ ரசீதுகளைக் கொடுத்து, விண்ணப்பிக்கும்படி கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே, நடைமுறையில் யாருக்குக் கிடைத்தது என்று கேட்கலாம். நிர்மலா பொனாட் என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணை நாடே அறியும். கொதிநீராலும் இஸ்திரிப் பெட்டியாலும் சுடப்பட்ட உடம்போடு 2004-ல் அவர் வெளியே வந்தார். அவருடைய முதலாளியம்மாவுக்கு 2008-ல் 18 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 12 ஆண்டானது. நிர்மலா அதோடு நிற்கவில்லை. சிவில் வழக்கும் தொடுத்தார். 2014-ல் உயர்நீதிமன்றம் அவருக்குச் சுமார் 129,000 வெள்ளி நஷ்டஈடு வழங்கியது. அயல்நாட்டிலிருந்து வந்த, சொந்தபந்தம் இல்லாத ஒரு பெண்ணால் அது முடிந்தது. பத்தாண்டு பிடித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எதையெதைக் கேட்கலாம்? செம்பனைக் குலை அறுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடைக் கணக்கில் தகராறு. குத்தகை முதலாளி கட்டையால் அடித்ததில் இடது முன்கை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வேலையில்லை. 2025-லிருந்து நடப்பிலுள்ள குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை வைத்தே பார்த்தாலும், மூன்று மாதத்துக்கு 5,100 வெள்ளி. மருத்துவமனைக்குப் போய்வந்த வண்டிக்கூலி, மருந்து, கட்டு மாற்றிய செலவு எல்லாம் தனி. இவற்றைச் சிறப்பு நஷ்டஈடு என்பார்கள். ஒவ்வொரு காசுக்கும் ரசீது கேட்பார்கள். ரசீது இல்லாத செலவு நீதிமன்றத்தில் செய்யாத செலவாகிவிடும்.

வலிக்கும் வேதனைக்கும் ரசீது கிடையாது. அதைப் பொது நஷ்டஈடு என்பார்கள். முன்பு இதே போன்ற காயங்களுக்கு நீதிமன்றங்கள் எவ்வளவு கொடுத்தன என்று பார்த்து நீதிபதி நிர்ணயிப்பார். அதற்கு உதவியாக மலேசிய வழக்கறிஞர் மன்றம் தொகுத்து 2018-ல் திருத்தி வெளியிட்ட ஒரு கையேடும் இருக்கிறது. கை முன்போலத் தேறவில்லை, நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை இனிமேல் தூக்க முடியாது என்று மருத்துவர் சொன்னால், எதிர்கால வருமான இழப்பையும் கேட்கலாம். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் இதற்கு இருந்த 55 வயது வரம்பு 2019-ல் 60 ஆக உயர்த்தப்பட்டது. நாலு பேர் பார்க்க அவமானப்படுத்தி அடித்திருந்தால், அந்த அவமானத்துக்கும் சேர்த்துக் கூடுதல் நஷ்டஈடு கோர இடமுண்டு.

ஆனால் வழக்கு நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. அடி விழுந்த அன்றைக்கே தொடங்குகிறது. "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது பழமொழி. ஏழையின் கையில் காகிதம் இருந்தால் ஏறும்.

முதலாவது, மருத்துவமனை. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையோ, கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையோ, போர்ட்டிக்சன் மருத்துவமனையோ, அன்றே போக வேண்டும். "கீழே விழுந்துவிட்டேன்" என்று பயத்தில் சொல்லிவிடக் கூடாது. அந்த ஒரு வரி மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால், இரண்டு ஆண்டு கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் நீட்டுவார். யார் அடித்தார், எதனால் அடித்தார், எங்கே அடித்தார் என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும்.

இரண்டாவது, போலீஸ் புகார். மலாய் எழுதத் தெரியாவிட்டால் தெரிந்தவரை உடன் அழைத்துப் போகலாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து. நேரம், இடம், பார்த்தவர் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். புகார் நகல் ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, சாட்சியம். வீக்கம் வற்றுவதற்குள் கைத்தொலைபேசியில் படம். கடையிலோ எடை நிலையத்திலோ கண்காணிப்புக் கேமரா இருந்தால், பதிவு அழிவதற்குள் புலன்விசாரணை அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு, மருத்துவ விடுப்புச் சீட்டு, ரசீது எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் குறுக்கே வருவது எது? "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு. அன்று மாலையே யாராவது வீட்டுக்கு வருவார். "அண்ணே, விடுங்கண்ணே. கோபத்தில் நடந்துபோச்சு. இந்தாங்க 500 வெள்ளி. புகாரை மீட்டுக்குங்க. நாளைக்கு வேலைக்கு வாங்க" என்பார். கூடவே ஒரு காகிதமும் வரும். அதில் மலாயில், இது முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதியிருக்கும். அதில் கையெழுத்து விழுந்தால், பின்னால் வரும் சிவில் வழக்குக்கு அந்தக் காகிதமே முட்டுக்கட்டை. எலும்பு சரியாகச் சேரவில்லை, மீண்டும் அறுவை சிகிச்சை தேவை என்று ஆறு மாதம் கழித்து மருத்துவர் சொல்லும்போது அந்த 500 வெள்ளி எந்த மூலைக்கு?

சமரசம் தவறு என்று யாரும் சொல்லவில்லை. நியாயமான தொகைக்குச் சமரசம் செய்வது வழக்கை விட மேலானதாகக்கூட இருக்கலாம். ஆனால் காயத்தின் முழுக் கணக்கு தெரிந்த பிறகு, வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு செய்யும் சமரசமாக அது இருக்க வேண்டும். அடி வாங்கிய இரவில், வீக்கம் வற்றாத கையால் போடும் கையெழுத்து சமரசம் ஆகாது.

யார் மீது வழக்குப் போடுவது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். முதலாளி நேரடியாக அடித்தால் அவர் மீது. அவர் பெயரில் சொத்து இல்லாமல் எல்லாம் நிறுவனத்தின் பெயரில் இருந்தால்? முதலாளி அடிக்காமல் மண்டோர் அடித்திருந்தால்? வேலையோடு நெருங்கிய தொடர்புள்ள செயலுக்கு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டக் கோட்பாடு. 2016-ல் பினாங்கில் ஒரு மெய்க்காவலர் துப்பாக்கியால் சுட்டதில் காயமுற்ற ஒருவர், அவரை வேலைக்கு வைத்திருந்த பாதுகாவல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். நிறுவனமும் பொறுப்பு என்று 2022-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "அடித்தது மண்டோர், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை" என்று இனிமேல் சுலபமாகக் கை கழுவ முடியாது.

ஒரு பள்ளத்தையும் காட்டியாக வேண்டும். அதன் பெயர் சொக்சோ. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, சொக்சோ காப்புறுதி உள்ள தொழிலாளி வேலையிடக் காயத்துக்காக முதலாளி மீது தனியாக நஷ்டஈட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. ஆகவே எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் வாதம், "இது வேலையிடக் காயம், சொக்சோவிடம் போ" என்பதாகவே இருக்கும். வேண்டுமென்றே அடித்த அடி வேலையிட விபத்தாகுமா என்பது ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பொறுத்தது. அதனால் சொக்சோ பாரத்தை நிரப்புவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

வேலை என்ன ஆகும்? வீடு என்ன ஆகும்? தோட்டத்துக்காரர்களை வாய் திறக்கவிடாத பயம் இதுதான். லயத்து வீடு வேலையோடு கட்டிய வீடு. இங்கேயும் சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, வன்முறையால் தனக்கோ தன்னை அண்டியிருப்பவருக்கோ உடனடி ஆபத்து என்றால் தொழிலாளி முன்னறிவிப்பு இல்லாமலே வேலையை விட்டு விலகலாம் என்கிறது. நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று சம்பளத்தில் பிடிக்க இடமில்லை. புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின்படி தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். ஆனால் அதற்குக் கெடு 60 நாள் மட்டுமே. காயத்துக்கு 6 ஆண்டு, வேலைக்கு 60 நாள். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு உரிமையை இழந்துவிடக் கூடாது.

முதலாளி தரப்பையும் கேட்க வேண்டும் அல்லவா? "குலையைத் திருடினான், கையும் களவுமாகப் பிடித்தேன், அதனால் அடித்தேன்" என்பார்கள். திருட்டு நடந்திருந்தால் அதற்குப் போலீஸ் இருக்கிறது. கண்ணெதிரே கடுங்குற்றம் செய்பவரைப் பொதுமக்களே பிடிக்கலாம். தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் சட்டம். பிடிக்கும் உரிமை அடிக்கும் உரிமை ஆகாது. "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த சமுதாயம் இது. அந்தப் பழமொழியை நீதிமன்றத்தில் எதிர்வாதமாக வைக்க முடியாது.

அதே நேரத்தில், கை ஓங்காத முதலாளி மீது பழிவாங்கப் பொய் வழக்குப் போடுவதும் பாவம்தான். வழக்கில் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். "ஜெயித்தால் பாதிப்பாதி, தோற்றால் ஒன்றுமில்லை" என்று யாராவது ஆசை காட்டினால் எச்சரிக்கை. வெற்றியில் பங்கு பேசி வழக்கு நடத்துவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவின் சிரம்பான் கிளையையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகித் தங்கள் வழக்கை ஏற்பார்களா என்று கேட்கலாம். தீர்ப்பு வந்த பிறகும் பணம் தானாக வந்துவிடாது. கட்டாதவரின் பொருளை ஜப்தி செய்யவும், வங்கிக் கணக்கிலிருந்து பெறவும் நீதிமன்றத்தின் மூலம் தனி நடவடிக்கை வேண்டும். பொறுமை தேவை.

இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை சுமப்பவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் ஏராளம். அவர்களுக்கும் இதே சட்டம்தான். கடப்பிதழை முதலாளி வைத்திருக்கிறார், பெர்மிட் அவர் பெயரில் இருக்கிறது என்பதால் அடி நியாயமாகிவிடாது. உலகமும் இப்போது கவனித்துக்கொண்டிருக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெய் இறக்குமதியை நிறுத்தி வைத்தபோது, சொன்ன காரணங்களில் உடல் வன்முறையும் இருந்தது. நிறுவனம் சீர்திருத்தங்களைச் செய்த பிறகு 2023 பிப்ரவரியில்தான் அந்தத் தடை நீங்கியது. ஒரு தொழிலாளியின் மீது விழும் அடி கப்பலில் ஏறும் எண்ணெயையும் தடுத்து நிறுத்தும் காலம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் கங்காணியின் பிரம்புக்கு முதுகு காட்டிய சமுதாயம், இன்று மண்டோராகவும் குத்தகையாளராகவும் நின்று இன்னொரு நாட்டு ஏழையின் முதுகில் பிரம்பு வைத்தால், 1941-ல் போராடியவர்களுக்கு அது செய்யும் துரோகம் அல்லவா?

ஆலயக் குழுக்களும், பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், இளைஞர் மன்றங்களும் ஒரு சிறிய காரியம் செய்யலாம். தோட்டத்துக்கு ஒருவராவது புகார் எழுதத் தெரிந்தவராக, அடிபட்டவரோடு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் துணை போகிறவராக இருக்கட்டும். திருவிழாவுக்கு ஆயிரமாயிரம் வசூலிக்கிற ஊரில், ஒரு மருத்துவ அறிக்கைக்கான கட்டணத்தைத் திரட்ட முடியாதா?

அபராதம் அரசாங்கத்தின் கணக்கு. அதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். அடிபட்டவரின் கணக்கு வேறு. அதை அவர்தான் எழுத வேண்டும், அவர்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சட்டம் ஆறு ஆண்டு தந்திருக்கிறது. அந்த ஆறு ஆண்டும், "போனால் போகட்டும்" என்ற ஒரு சொல்லில் கரைந்துவிடக் கூடாது.